கூறு போட்ட கதை

போன மாதம் கண் அறுவை முடிந்து இப்போதுதான் போனைக் கையில் எடுக்க விட்டிருக்கிறார்கள். பதிவு நீளம்தான். டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசினார் என்று நீங்களே கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

விடுமுறைக்கு மகள் பிரான்ஸிலிருந்து பேரனோடு வந்திருந்தாள். இங்கே கோட்டக்குப்பத்திலேயே மகன் வீட்டுப் பேத்தி. இருவருக்கும் வயது பதின்மூன்று. நாள் முழுக்க ஒன்றாகத் திரிந்தவர்கள் ஒருநாள் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன என்று கேட்டால், 'டெமன் ஸ்லேயர்' என்ற ஜப்பான் அனிமேத் தொடர். அதில் வாள் செய்கிறவர்களின் கிராமத்தில் நடக்கும் கதை மூன்றாவது சீசன் என்கிறாள் இவள். நான்காவது என்கிறான் அவன். "ஆயா, நீயே சொல்லு, யார் சொல்றது சரி?"

எனக்கு அந்தத் தொடர் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்குப் பாகம், காண்டம், படலம், காதை எல்லாம் பழகியவைதானே. "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஆர்வம் இரண்டு நாளில் முடியவில்லை.

ஜப்பான் தொலைக்காட்சியில் வருடத்தை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று புதுத் தொடர்கள் தொடங்கும் மாதங்கள் நான்கு. வருடத்துக்கு 52 வாரம். நான்கால் வகுத்தால் 13. வாரம் ஒன்றாக மூன்று மாதத்தில் ஏறக்குறைய 11 முதல் 13 எபிசோட் வரை ஓடும். அந்த மூன்று மாதத் துண்டுக்கு அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கூரு'. நம் 'கூறு' மாதிரியே ஒலிக்கிறது. சொல்லுக்குச் சொல் உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனால் பொருத்தம் பாருங்கள். நம் ஊரில் மீன்காரம்மா கூடையைக் கவிழ்த்து, கையால் ஒதுக்கி, கூறு கூறாக வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூறு நூறு ரூபாய் என்றால் நூறு ரூபாய்தான். ஒரு கூறில் எத்தனை மீன் என்பதைக் கடல் முடிவு செய்வதில்லை.

ஆரம்பத்தில் அங்கே இப்படிச் சின்னக் கூறாகப் போடவில்லை. ஒசாமு தெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று தொடங்கி 1966 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நான்கு வருடம், 193 எபிசோட், ஒரே ஓட்டம். 1974-இல் வந்த 'ஹைடி' ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி டிசம்பர் கடைசி ஞாயிறு முடிந்தது. சரியாக 52. வருடத்தின் கணக்கே கதையின் கணக்கு. உங்களில் சிலர் பள்ளிக்கூடம் படித்தபோது, 1993 வாக்கில், ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் இந்தி பேசிய மோக்லியைப் பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? அந்த 'ஜங்கிள் புக்' ஜப்பானில் 1989-90-இல் எடுத்த தொடர். அதுவும் 52. நம் பிள்ளைகள் அனிமே என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே அனிமே பார்த்துவிட்டார்கள்.

பிற்காலத்தில் வருடம் முழுக்க ஓட்டுவதை விட்டு, ஒரு கூறு காட்டுவது, வரவேற்பைப் பார்ப்பது, படம் வரைகிறவர்களுக்கு மூச்சு விட நேரம் கொடுத்து அடுத்த கூறைக் கொண்டுவருவது என்று பல தொடர்கள் மாறின. அங்கேதான் எண் பிரச்சினை பிறக்கிறது. இடைவெளி விட்டு வந்தால் அது புது சீசனா, பழைய சீசனின் பாக்கியா?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி பிடித்திருக்கிறார்கள். 'ஒன் பீஸ்' 1999 அக்டோபரில் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் 2021-இல் ஆயிரத்தைத் தாண்டியது. எண்ணைத் திரும்ப ஒன்றுக்குக் கொண்டுவரவே இல்லை. 'நருட்டோ' அப்படி இல்லை. 2002 முதல் 2007 வரை 220 எபிசோட் ஓடியது. பிறகு அதே கதாநாயகன், கொஞ்சம் வளர்ந்தவன், பெயரில் 'ஷிப்புடென்' என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து 500-இல் முடித்தான். 'அட்டாக் ஆன் டைட்டன்' இன்னும் வேடிக்கை. 'இறுதி சீசன்' என்று 2020 டிசம்பரில் தொடங்கினார்கள். முடிந்தது 2023 நவம்பரில். நடுவில் நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 'இறுதி' என்றே பெயர். நம் வீட்டுக் கல்யாணத்தில் 'கடைசிப் பந்தி' என்று நான்கு முறை கூப்பிடுவார்களே, அது மாதிரி.

கடல் தாண்டினால் எண்ணே மாறிவிடும். 'டிராகன் பால் இசட்' ஜப்பானில் 291 எபிசோட். அமெரிக்காவில் முதலில் காட்டியபோது முதல் 67 எபிசோடை வெட்டி ஒட்டி 53 ஆக்கினார்கள். ஜப்பான் பையன் 60 என்று சொல்வதும் அமெரிக்கப் பையன் 60 என்று சொல்வதும் வேறு வேறு கதை. இருவரும் பொய் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டு வழக்குக்கு வருகிறேன். 'டெமன் ஸ்லேயர்' 2019-இல் 26 எபிசோடாக வந்தது. அடுத்த பகுதி, ரயிலில் நடக்கும் கதை, 2020 அக்டோபரில் திரைப்படமாக வந்தது. 2021-இல் அந்தப் படத்தையே துண்டாக்கி, முன்னால் புதிதாக ஒன்று சேர்த்து, 7 எபிசோடாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அது முடிந்த கையோடு அடுத்த பகுதி 11 எபிசோட். பிறகு 2023-இல் வாள் செய்கிறவர்களின் கிராமம். அந்த 7-ஐயும் 11-ஐயும் சேர்த்து ஒரு சீசன் என்று வைத்தால் கிராமம் மூன்றாவது. தனித்தனி என்று வைத்தால் நான்காவது. ஜப்பானில் எடுத்தவர்கள் இந்தப் பகுதிகளின் தலைப்பில் எண்ணே போடவில்லை. 'இன்ன பகுதி' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். எண் போட்டது பின்னால் வந்தவர்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் புத்தக அலமாரி நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். மூன்று காண்டம். புகாரில் 10 காதை, மதுரையில் 13, வஞ்சியில் 7. ஆனால் மதுரைக் காண்டம் தொடங்கும்போது எண் திரும்ப ஒன்றுக்கு வராது. காடுகாண் காதை பதினொன்று. வஞ்சியில் முதலில் வரும் குன்றக்குரவை இருபத்து நான்கு. முப்பதுவரை ஒரே ஓட்டம். "இது ஒன் பீஸ் மாதிரி" என்றான் பேரன். எல்லாவற்றுக்கும் முன்னால் பதிகம் இருக்கிறது. அது முப்பதில் சேராது. "அப்போ அது எபிசோட் ஜீரோ" என்றாள் பேத்தி. இத்தனை வருடம் வகுப்பில் பதிகத்தை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

அடுத்து பொன்னியின் செல்வன். 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'கல்கி' வார இதழில் வந்தது. ஐந்து பாகம். பாகத்துக்குப் பாகம் அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கும். 57, 53, 46, 46, 91. இது நருட்டோ வழி. கடைசிப் பாகம் மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டுவிட்டதையும் பாருங்கள். 'இறுதி' என்று பெயர் வைத்தாலே கதை நீளும் போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் ஊர் சென்னை மாநிலம். பக்கத்துப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம். என் அம்மா அப்போது புதிதாகக் கல்யாணமாகி வந்தவர். வாராவாரம் கல்கியிலிருந்து கதைப் பக்கங்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். நான் பிறந்தது 1954. கதை முடிந்ததும் அந்த வருடம்தான். அம்மா ஒவ்வொரு வாரப் பகுதியின் மேலும் பென்சிலால் ஓர் எண் எழுதியிருப்பார். அது அத்தியாய எண் இல்லை. சின்ன வயதில் அம்மா தப்பாக எழுதிவிட்டதாக நினைத்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்த மூன்றரை வருடத்துக்குச் சுமார் 185 வாரம் வரும். அத்தியாயம் மொத்தம் 293. வாரத்துக்கு ஒன்று என்றால் எப்படி முடியும்? சில வாரங்களில் ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறது. அம்மா எண்ணியது வாரத்தை, தான் காத்திருந்த நாளை. கல்கி எண்ணியது அத்தியாயத்தை. இன்றைக்கு அந்தக் கதையைப் படத்தில் மட்டும் பார்த்தவரைக் கேட்டால் இரண்டு பாகம் என்பார், 2022-இல் ஒன்று, 2023-இல் ஒன்று. மூன்று கணக்கும் சரி.

'சீசன்' என்றால் தமிழில் என்ன என்று பேரன் கேட்டான். பருவம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பாரதத்தின் பெரும் பிரிவுகளுக்கு வடமொழியில் 'பர்வம்' என்று பெயர். கரும்புக்கும் மூங்கிலுக்கும் இருக்கிற கணு என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். தமிழில் அது பருவம் ஆயிற்று. வியாசருக்குப் பதினெட்டு பருவம். வில்லிபுத்தூரார் தமிழில் பாடியது பத்து பருவம். இந்தப் பக்கம் விழுப்புரம், திண்டிவனம் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்து நடக்கும். அங்கே கதையை வெட்டுவது இரவு. ஓர் இரவுக்கு ஒரு கூத்து. எத்தனை இரவு என்பது ஊரின் வசதியைப் பொறுத்தது. பத்து இரவு நடத்துகிற ஊரும் பதினெட்டு இரவு நடத்துகிற ஊரும் முடிக்கிற இடம் படுகளமும் தீமிதியும்தான். கணு எங்கே விழுந்தாலும் கரும்பு ஒன்று.

இந்தியத் தொலைக்காட்சிக்கும் பதின்மூன்றுதான் அளவு. வாரத் தொடர்களைத் தூர்தர்ஷன் 13, 26, 39, 52 என்றுதான் பெரும்பாலும் வாங்கியது. 'மால்குடி டேஸ்' முதலில் 39. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 அன்று தொடங்கியது. 52 என்று திட்டம். மக்கள் விடவில்லை. நீண்டு நீண்டு 78-இல், 1988 ஜூலை 31 அன்று முடிந்தது. ஆறு பதின்மூன்று எழுபத்தெட்டு.

அது பட்டாபிஷேகத்தோடு முடியப்போகிறது என்று தெரிந்ததும் வடக்கே சில நகரங்களில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் சமூகம் அவர்கள். வால்மீகி ஆசிரமம் வருகிற உத்தர காண்டம் இல்லாமல் எப்படி முடிக்கலாம் என்று கேட்டார்கள். கடைசியில் 'உத்தர் ராமாயண்' தனித் தொடராக வந்தது. எண் திரும்ப ஒன்று. எத்தனையாவது எபிசோடில் முடிப்பது என்பது வெறும் கணக்கு என்று நினைக்கிறோம். அந்தக் கணக்கில் தங்கள் ஆளே விழுந்துபோவதாக ஒரு கூட்டம் மனிதர்களுக்குப் பட்டிருக்கிறது. நம் கம்பரும் ஆறு காண்டத்தோடு நிறுத்தியவர்தான். தமிழ் உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. ஏழாவது சீசனை வேறு ஆள் எடுத்த கதை அப்போதே உண்டு.

பிறகு நம் வீடுகளுக்குத் தினசரி சீரியல் வந்தது. அங்கே சீசனே கிடையாது. அன்று திங்கள் முதல் வெள்ளி வரை எண் ஏறிக்கொண்டே போயிற்று. 'மெட்டி ஒலி' 800-ஐத் தாண்டியது, 'கோலங்கள்' 1,500-ஐத் தாண்டியது. 'சரவணன் மீனாட்சி' வந்தபோது சீசன் என்ற சொல்லும் வந்தது. அதே பெயர், அடுத்த சீசனில் வேறு சரவணன், வேறு மீனாட்சி, வேறு கதை. ஜப்பான்காரன் ஒரே கதைக்கு வேறு பெயர் வைத்துப் புது எண் போட்டான். நாம் வேறு கதைக்கு அதே பெயர் வைத்து அடுத்த எண் போட்டோம்.

இதெல்லாம் சொல்லி முடித்து, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா யாரோட கணக்குன்னு சேர்த்துச் சொல்லணும்" என்று தீர்ப்புக் கொடுத்தேன். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இதே தீர்ப்பை முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு நான் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

1991 என்று நினைவு. திருக்குறள் ஒப்பித்தல் போட்டி. எண்ணைச் சொன்னால் குறளைச் சொல்ல வேண்டும். நடுவர் நான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தான். கடைசிச் சுற்றில் இரண்டு எண்ணுக்கு வேறு குறள் சொன்னான். அதிகாரம் சரி. அதற்குள் வரிசைதான் வேறு. தப்பு என்று குறித்தேன். அவன் தயங்கித் தயங்கி, "எங்க தாத்தா புக்குல இப்படித்தான் டீச்சர் இருக்கு" என்றான். எல்லார் முன்னாலும், "அப்போ உங்க தாத்தா புக்கை மாத்தச் சொல்லு" என்றேன். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் தட்டு வேறு பிள்ளைக்குப் போயிற்று. அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் புதுச்சேரியில் பழைய புத்தகக் கடையில் மணக்குடவர் உரைப் பதிப்பு ஒன்று கிடைத்தது. புரட்டியபோது கை நின்றுவிட்டது. திருக்குறளுக்கு இன்று கிடைக்கும் உரைகளில் மிகப் பழையது அது. நாம் இன்று ஒன்று முதல் 1330 வரை சொல்கிற எண் பரிமேலழகர் வைத்த வரிசையின் எண். பத்து உரைகாரர்களில் அவர் காலத்தால் கடைசி. அவருக்கு முந்தையவரான மணக்குடவரிடம் அதிகாரத்துக்குள் குறள்கள் பல இடங்களில் முன்பின்னாக இருக்கின்றன. அதிகாரங்களே சில இடங்களில் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு அடி ஒன்றுகூடக் குறையவில்லை. எண் மட்டும் வேறு. இது எனக்குத் தெரியாத செய்தியும் இல்லை. படிக்கும்போது பத்து உரைகாரர் பெயரையும் மனப்பாடம் செய்து, வரிசை மாறும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். மேடையில் ஒரு பிள்ளை அதையே வாயால் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை.

அந்தத் தாத்தாவின் புத்தகம் எது என்று நான் அன்று கேட்டிருந்தால் போதும். கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பிள்ளை இன்று நாற்பது தாண்டியிருப்பார். இந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களில் அவரும் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். ஒருமுறைகூட அந்த நாளைப் பற்றிச் சொன்னதில்லை. பெயரை இங்கே எழுத மாட்டேன். தம்பி, படித்ததும் உனக்கே தெரியும். அன்று நீ சொன்னது தப்பில்லை. கேட்கத் தெரியாதது என் தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னதால் எல்லார் முன்னாலும் திருத்துகிறேன். தாத்தாவின் புத்தகம் இன்னும் வீட்டில் இருந்தால், ஒருநாள் எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் வா. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்போம். ஒரு எவர்சில்வர் தட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பேரன் போன வாரம் ஊருக்குப் போய்விட்டான். நேற்று இரவு போனில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "என் கணக்குல மூணு, உன் கணக்குல நாலு, அதுல எட்டாவது எபிசோட்" என்றாள் பேத்தி. அந்தப் பக்கம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

வகுப்பில் இருக்கிற ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வேறு எண் சொன்னால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் எந்தப் புத்தகம் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
கோட்டக்குப்பம்